சத்தம் மாறி வந்த பாட்டுகள்

காலியான நீச்சல் குளத்தின் அடியில் நான்கு பேர் நின்று பாடுவார்கள். பாட்டு போகப் போகக் குளத்தில் தண்ணீர் ஏறும். முதலில் முழங்கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் கழுத்து. பாடுகிறவன் அண்ணாந்து மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு பாடுவான். பின்னால் உட்கார்ந்திருக்கும் டிரம்ஸ்காரன் மட்டும் எழுந்திருக்கவே மாட்டான். தண்ணீர் தலைக்கு மேல் போன பிறகும் அடித்துக்கொண்டே இருப்பான். கேபிள் வந்த புதிதில் பிள்ளைகளாக இருந்த நம் வயதுக்காரர்கள் யாராவது இதைப் பார்த்திருக்கலாம். பெயர் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாது. 'குளத்துப் பாட்டு' என்றுதான் நானும் அப்பாவும் சொல்வோம்.

அந்த டிரம்ஸ்காரனுக்கு நீச்சலே தெரியாதாம். காலில் ஈயக்கட்டி கட்டி உட்கார வைத்தார்களாம். கேமராவுக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர் குதிக்கத் தயாராக நின்றார்களாம். இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது எங்கள் லைன் வீட்டு ஓனரம்மாவின் மகள். அந்த அக்கா பெங்களூரில் கல்லூரிக்குப் போய் வந்தாள். அங்கே பாட்டுப் பத்திரிகைகள் கிடைக்கும். இப்போது கைபேசியில் தேடினால் அந்தப் பாட்டின் கீழே ஆளாளுக்கு எழுதியிருக்கிறார்கள். ஈயக்கட்டி உண்மைதானாம். நீச்சல் தெரியாது என்பது பொய். அக்கா சொன்னதில் பாதி இப்படித்தான். ஆனால் பொய் என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

எங்கள் வீடு ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், வரிசையாகக் கட்டிவிட்ட ஒற்றை அறைகளில் ஒன்று. அப்பாவுக்குத் தமிழ் மட்டும் புழங்கும் கல்லாவிப் பக்கம். அங்கே இருந்த கொஞ்சம் நிலமும் கைவிட்டுப் போன பிறகு, அம்மாவின் அண்ணன் எங்களை இங்கே கூட்டி வந்தார். மாமா ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸில் இருந்தார். அதே கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் அப்பாவைக் காண்ட்ராக்டில் சேர்த்துவிட்டார். தகட்டை உள்ளே தள்ளினால் மிஷின் ஒரே அடியில் வண்டிக்கான பிராக்கெட்டை வெட்டித் தள்ளும். நாள் முழுக்க அந்த அடி. கேட்டுக்கு வெளியே நின்றாலும் உள்ளங்காலில் தெரியும்.

அம்மா ரோஜாப் பண்ணையில் பூ கட்டும் வேலைக்குப் போவாள். பிளாஸ்டிக் கூரைக்கு அடியில், வெக்கையில். முள் கீறிய கைகளில் எப்போதும் மஞ்சள் வாசனை அடிக்கும்.

மாமா புது டிவி வாங்கியபோது பழையதை எங்களிடம் தள்ளிவிட்டார். அதில் எல்லா மனிதர்களும் கொஞ்சம் பச்சையாக இருப்பார்கள். சேனல் மாற்றும் குமிழ் எங்கேயோ தொலைந்திருந்தது. அந்த இடத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் தண்டை அப்பா கட்டிங் பிளேயரால் திருகுவார். திருகி ஒரே சேனலில் நிறுத்துவார். வெள்ளைக்காரப் பாட்டுச் சேனல். முதல் ஷிப்ட் முடிந்து மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் கை கழுவிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்துவிடுவார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பக்கத்தில் உட்காருவேன். சத்தத்தைக் குறைத்தே வைப்பார். "டிவி வெச்சிருக்கறதே தெரியாது, அவ்ளோ மரியாதையான மனுஷன்" என்று லைன் வீட்டில் எல்லாரும் சொல்வார்கள்.

தமிழ்ப் பாட்டு வரும் சேனலை ஏன் வைப்பதில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச பாட்டு பாப்பா" என்றார். "இதுன்னா தெரியாது. தெரியாதத பாத்தா ஒன்னும் தோணாது."

எனக்குப் புரியவில்லை. ஆனாலும் எனக்கும் இதுதான் பிடித்திருந்தது. மற்ற சேனல்களில் எல்லாரும் எந்நேரமும் பேசிக்கொண்டிருந்தார்கள். இதில் பேச்சே கிடையாது. ஒரு கிழவி மலைப்பாதையில் குளியல் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போவாள், தொட்டிக்குள் கிதார்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ரொட்டியால் கட்டிய வீட்டுக்குள் ஒருவன் பாடுவான், புறாக்கள் வந்து சுவரைத் தின்னும், கடைசியில் அவன் வெட்டவெளியில் நிற்பான். அந்தப் புறாக்களை யாரும் கூட்டி வரவில்லை, தானாக வந்தவை என்பாள் அக்கா. கிழவி அந்தத் தெருவில் காய்கறி வாங்கப் போனவள், நடிக்க வேண்டியவள் வராததால் இவளைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள் என்பாள். அக்கா வீட்டில் இந்தச் சேனல் பார்க்க விடமாட்டார்கள். எங்கள் நிலைப்படியில் சாய்ந்துகொண்டுதான் பார்ப்பாள்.

அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் சொந்தமாக ஒரு விளக்கம் இருந்தது.

"இது கண்ணாடித் தொட்டி. தொட்டிக்கு வெளிய நின்னுதான் டிரம்ஸ் அடிக்கறான்."

"இல்லண்ணா, நெஜக் குளம். புக்குல போட்டிருந்தாங்க" என்பாள் அக்கா பின்னாலிருந்து.

"கண்ணாடிதான். பாரு, மினுக்குது."

"அண்ணா, நான் படிச்சன்ங்கறேன்."

"நல்ல தடிமனான கண்ணாடி" என்பார் அப்பா.

அக்கா என்னைப் பார்த்து, "உங்கப்பா புடிச்ச புடிய விடமாட்டாருடி" என்று சிரிப்பாள்.

ஒரு பாட்டு முழுக்கத் தொழிற்சாலைக்குள் நடக்கும். வரிசையாகப் பிரஸ் மிஷின்கள், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கிதார் விழும். அப்பா அதை மட்டும் சிரிக்காமல் பார்ப்பார். "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கானுங்க. எண்ணெய் ஒரு சொட்டு கீழ இல்ல. இதுல வேலை செய்யறவன் குடுத்து வெச்சவன்" என்பார். அந்த மிஷின்கள் எல்லாம் அட்டைப்பெட்டியில் செய்து வெள்ளி வர்ணம் பூசியவை, நின்றவர்கள் பாடுகிறவனின் கூட்டாளிகள். அக்கா அதையும் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னாள். அப்பா கடைசிவரை அந்த அட்டை மிஷினைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். எங்களுக்கு விளங்கவில்லை. அதற்குக் காரணம் எங்கள் ஊர்தான். கூப்பிட்ட ஆள் பதில் சொல்லாவிட்டால் மற்ற ஊர்களில் காதைச் சந்தேகப்படுவார்கள். மூன்று பாஷை புழங்கும் ஓசூரில் பாஷையைச் சந்தேகப்படுவார்கள். ஓனரம்மா தெலுங்கில் ஏதாவது சொல்வாள், அப்பா பேசாமல் போவார். 'பாவம், தெலுங்கு வராது' என்று நினைத்து, எதிரில் வந்து நின்று அதையே தமிழில் சொல்வாள். எதிரில் வந்துவிட்டால் அப்பா உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். சூப்பர்வைசர் கன்னடக்காரர். பக்கத்து மிஷின்காரர் தூத்துக்குடிப் பக்கம், அவர் பேசும் வேகம் யாருக்குமே பிடிபடாது. பிரஸ் ஷாப்பில் எல்லாரும் கையைக் காட்டித்தான் பேசுவார்கள். வீட்டுக்கு வந்தும் கத்தித்தான் பேசுவார்கள். "கல்லாவிக்காரன், ஒத்த பாஷைக்காரன்" என்று அப்பாவைக் கேலி செய்தார்கள். அந்தக் கேலிக்குப் பின்னால் அவர் பத்திரமாக இருந்தார்.

அந்த வருஷம் கார்த்திகை மழை பெய்து ஓய்ந்த நேரம், மாமா ஒரு செய்தியோடு வந்தார். காண்ட்ராக்ட் ஆட்களில் சிலரைக் கம்பெனி நிரந்தரம் செய்யப் போகிறது. அப்பா பெயரை அவர் கொடுத்துவிட்டார்.

"டாக்டர் வந்து செக் பண்ணுவாரு மாப்ள. கண்ணு, காது, கை காலு. அவ்ளோதான். உங்களுக்கென்ன, எருமமாடு மாதிரி இருக்கீங்க" என்றார்.

அம்மா சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். காண்ட்ராக்ட் என்றால் எந்தக் காலையிலும் கேட்டில் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் திரும்பிப் போகக் கல்லாவியில் ஒன்றும் இல்லை. நிரந்தரம் என்றால் ஆஸ்பத்திரி உண்டு, போனஸ் உண்டு, நான் படிக்கலாம். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டிக்கொண்டிருந்தார். மாமாவின் வாயை விட்டு அவர் கண் நகரவில்லை.

அதற்கு அடுத்த சில நாட்களில்தான் கேபிள்காரன் ஒயரை மாற்றிச் செருகிவிட்டான். படம் வெள்ளைக்காரப் பாட்டு, சத்தம் கன்னட விவசாய நிகழ்ச்சி. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது குளத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரன் ஓங்கி ஓங்கி அடிக்கிறான், பெட்டியிலிருந்து ஒரு பெரியவர் நிதானமாகக் கறவை மாட்டுக்கு மடி வீங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். தெருப் பிள்ளைகளோடு விளையாடி எனக்குக் கன்னடம் வரும். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கால் தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டிரம்ஸ்காரனின் குச்சி இறங்கும்போது அதுவும் இறங்கியது. குச்சி ஏறும்போது ஏறியது. பெரியவர் மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் சிரிப்பை நிறுத்தினேன். அவருக்குப் பின்னால் நின்றபடி "அப்பா" என்றேன். திரும்பவில்லை. "அப்பா, தேளு!" என்று கத்தினேன். மழை விட்ட பிறகு எங்கள் லைன் வீட்டில் தேள் வரும், அந்த வார்த்தைக்குத் துள்ளி எழாதவர் கிடையாது. கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

முன்னால் வந்து நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. டிவியை ஒரு தரம் பார்த்தார். அதில் என்ன தவறு நடந்தது என்று மட்டும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"எப்பலேர்ந்துப்பா?" என்று வாயை அகலத் திறந்து கேட்டேன்.

"மொதல்ல மணி அடிச்சாப்புல இருந்துச்சு. அப்புறம் டின்னுக்குள்ள பேசறாப்புல. இப்ப மிஷினு அடிக்கறது மட்டும் நெஞ்சுல தெரியுது" என்றார். தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று தெரியாமல் வாயைக் கையால் மூடிக்கொண்டு சொன்னார். "அம்மாகிட்ட சொல்லாத. அவ வாயில எதுவும் நிக்காது, மாமாவுக்குப் போயிரும். மாமாவுக்குப் போனா ஆபீசுக்குப் போயிரும். காது கேக்காதவன எவனும் பிரஸ்ல நிறுத்த மாட்டான். டாக்டரு வந்துட்டுப் போவட்டும். அப்புறம் நானே சொல்றன்."

கேபிள்காரன் ஒயரைச் சரியாக மாட்டிவிட்டுப் போனான். அதன் பிறகு அக்கா சொல்லும் கதைகளை நான் அப்பாவின் முன்னால் வந்து நின்று திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். ஈயக்கட்டி, புறா, காய்கறிக் கிழவி. அட்டை மிஷினை மட்டும் சொல்லவில்லை. அவர் வாழ்க்கையில் நான் பார்த்த நல்ல வாரங்கள் அவை.

குளத்துப் பாட்டின் கடைசியில் குளம் நிறைந்ததும் நீச்சலுடையில் பெண்கள் குதிப்பார்கள். கொஞ்ச நேரம்தான். ஒரு சாயங்காலம் சரியாக அந்த நேரத்துக்கு அம்மா வேலை முடிந்து வந்தாள். வரும் வழியிலேயே குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரி அவளைச் சீண்டியிருந்தாள். "உன் வீட்டுக்காரரு தெனமும் வெள்ளக்காரிங்களத்தான் பாக்கறாராம்? பாத்துடி, ஒருநாளு பிளைட்டு ஏறிடப் போறாரு." எல்லாரும் சிரித்திருக்கிறார்கள்.

அம்மா கூடையைக் கீழே வைக்கவில்லை. அப்பாவுக்கும் டிவிக்கும் நடுவில் வந்து நின்றாள். வாசலில் லைன் வீடே கூடிவிட்டது. அம்மா கத்தவில்லை. அவர் முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"பெத்த பொண்ண பக்கத்துல ஒக்கார வெச்சுகிட்டு அவுத்துப்போட்டு ஆடறவளப் பாக்கற. நீயெல்லாம் ஒரு அப்பன். உன்ன நம்பி எம்பொண்ண எப்புடி வீட்டுல விட்டுட்டுப் போவன்?"

அது அப்பாவுக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. உதட்டைப் பார்த்துப் பழகியவருக்கு அவ்வளவு நிதானமாக யாரும் எதையும் சொன்னதில்லை. எழுந்து, கட்டிங் பிளேயரை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். மறுநாள் மாமா வந்து கேபிள் ஒயரை அறுத்துவிட்டார். "மாப்ள, வயசுக்கு வரப்போற புள்ள இருக்கற வீடு" என்று மட்டும் சொன்னார். அக்கா எங்கள் வீட்டுப் பக்கம் வருவதை ஓனரம்மா நிறுத்திவிட்டாள்.

காதைச் சோதிக்கும்போது டாக்டர் முன்னால் நிற்க மாட்டார், பின்னால் நின்றுதான் பேசுவார் என்று வேறொரு கம்பெனிக்காரர் சொல்லிக் கேள்விப்பட்டேன். அம்மா வருவதற்குள் நானும் அப்பாவும் பழகிப் பார்த்தோம். அவர் சுவரைப் பார்த்து நிற்பார். நான் பின்னால் நின்று "பேரு என்ன? ஊரு என்ன?" என்பேன். தரையில் காலை உதைத்தால் அவருக்குத் தெரிந்தது. ஆனால் டாக்டர் ஏன் காலை உதைக்கப் போகிறார்? கண்ணாடியைச் சுவரில் மாட்டிப் பார்த்தோம். கம்பெனியில் கண்ணாடி இருக்காது. "விடு பாப்பா" என்றார் அப்பா. எந்த ஏற்பாடும் இல்லாமல்தான் போனார்.

அன்று சாயங்காலம் மாமா சொன்னபடி அம்மாவும் நானும் கேட்டுக்குப் போனோம். அம்மா மல்லிகை வைத்திருந்தாள். கேன்டீனில்தான் சோதனை. முதலில் அப்பா வந்தார், முகத்தில் ஒன்றும் இல்லை. அவருக்குப் பின்னால் மாமா விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தார்.

"இந்த ஆள வெச்சுகிட்டு மானம் போச்சும்மா. டாக்டரு பின்னாடி நின்னுகிட்டு ஹெசரேனு, ஊரேனுங்கறாரு. பேரக் கேக்கறாரு, ஊரக் கேக்கறாரு. இவரு தூணு மாதிரி நிக்கறாரு. எனக்கு ஒதறலு. அப்புறந்தான் வெளங்குச்சு. சார், இவரு கல்லாவி, கன்னட கொத்தில்ல, பாஷை தெரியாதுன்னன். டாக்டரே சிரிச்சுட்டாரு. சரி சரி, போகச் சொல்லுன்னு முடிச்சுட்டாரு."

"அப்ப பாஸா?" என்றாள் அம்மா.

"பாஸு. பர்மனெண்டு."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அதைப் பார்த்து விஷயம் இன்னதென்று தெரிந்துகொண்டார். என் பக்கம் திரும்பி லேசாகத் தலையசைத்தார். பிறகு நடக்க ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டியும் பிள்ளையும் நாலடி பின்னால் போவார்கள். முகம் பார்த்துச் சொல்ல முடியாததையெல்லாம் பெண்கள் அந்த முதுகைப் பார்த்துத்தான் சொல்லி முடிப்பார்கள். தொழிற்பேட்டையின் பின்பக்கச் சாலை, லாரி அதிகம் வராத நேரம். அம்மா தலையிலிருந்த மல்லிகையைச் சரிசெய்துகொண்டு கொஞ்ச தூரம் நடந்தாள். அப்புறம் தணிந்த குரலில் ஆரம்பித்தாள்.

"ஏங்க. அன்னிக்கு நான் அப்புடிச் சொல்லியிருக்கக் கூடாது. அவளுங்க குழாயடியில சிரிச்சாளுங்க, எனக்குப் புத்தி பெரண்டு போச்சு. உங்களப் பத்தி எனக்குத் தெரியாதா? ஒரு பொம்பளைய ஏறெடுத்துப் பாத்தவரு இல்ல. நாளைக்கே ஒயர மாட்டச் சொல்றன். ஒக்காந்து பாருங்க. நானும் கூட ஒக்காந்து பாக்கறன்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "வாயில வரக்கூடாத வார்த்தைதான். மனசுல வெச்சுக்காதீங்க."

அப்பா நடந்துகொண்டிருந்தார். ஜிலேபி வாங்கக் கடை இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு போனார்.

"ஏங்க" என்றாள் அம்மா மறுபடியும்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் உதறிவிட்டாள். வீடு வரும்வரை வேறு ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் தலையிலிருந்த பூவை எடுத்துச் சாமி படத்துக்கு வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஒயர் மாட்டப்படவில்லை. அம்மா சொல்லாமல் விட்டாள், அப்பா கேட்கவில்லை. அவளுடைய வார்த்தை அப்பாவிடம் இருந்தது, அவருடைய மௌனம் அவளிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு இருவரும் அந்த ஒற்றை அறையில் குடித்தனம் நடத்தினார்கள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், முகத்துக்கு நேராக நின்று பேசுவதை மட்டும் விட்டுவிட்டாள். நானே சொல்கிறேன் என்ற அப்பாவும் தன் வாயால் எதையும் சொல்லவில்லை, அவர் சொல்லட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். சொல்கிற அளவுக்கு அவர்களிடையே பேச்சு மிச்சமில்லை. என் படிப்பைப் பற்றியும் அவர்கள் கலந்து பேசவில்லை, நான் எட்டாவதோடு நின்றேன். அப்புறம் திருப்பூர், கோவா, சூலூர் என்று கால் போன பக்கமெல்லாம் வேலை பார்த்தேன். அப்பா அதே மிஷினில் நின்று, அதே கம்பெனியில் ஓய்வு பெற்றார். அதற்குள் பிரஸ் ஷாப்பில் நின்ற எல்லாருக்கும் காது போயிருந்தது, அதனால் அவருக்குப் போனதையும் யாரும் ஆச்சரியமாகப் பார்க்கவில்லை. அது நாளாவட்டத்தில் வந்தது என்றுதான் அம்மாவும் நினைத்தாள்.

போன மாதம் போயிருந்தேன். அப்பா வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். இனிமேலாவது தெரியட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கன்னட மாட்டு வைத்தியம், தேள், சுவரைப் பார்த்து நின்று பழகியது, அன்று சாலையில் அவள் சொன்ன ஒரு வார்த்தைகூட அவருக்குப் போய்ச் சேராதது. அம்மா முழுக்கக் கேட்டாள். வெங்காயத்தோலைத் திரட்டி முறத்தில் போட்டாள்.

"உங்கப்பனுக்கு நீ எப்பவும் சாஞ்சுதான் பேசுவ" என்றாள். "அன்னிக்குத்தான டாக்டரே பாத்துட்டு காது நல்லா இருக்குன்னு பாஸ் பண்ணாரு."